நிரல் (கோடு) மாறவில்லை, டெஸ்ட் மட்டும் விழுகிறது: ரெப்போக்களையும் நிறுவல் குறிப்பையும் கட்டுக்குள் வைப்பது எப்படி?

தறிநூல்

டெபியன் 12 (லினக்ஸின் ஒரு வகை) கண்டெய்னரில், அதாவது டாக்கர் தரும் தனிமைப்படுத்திய சூழலில், தானியங்கி டெஸ்டுகள் ஓடுகின்றன. ஒவ்வொரு மெர்ஜ் ரிக்வெஸ்டுக்கும் (கோடு மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கைக்கும்) ஓர் ஓட்டம், இரவில் முழுத் தொகுப்புக்கு ஓர் ஓட்டம். சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி தேவைப்படும் டெஸ்டுகள் மட்டும் விர்ச்சுவல் மெஷினில். பேக்கேஜ்கள் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: டெபியனின் ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு), டேட்டாபேஸுக்கான ஒரு வெளி ரெப்போ, எங்கள் சொந்த டெப் ஃபைல்கள் இருக்கும் உள் ரெப்போ. இவை போக பைத்தானுக்கு பிப், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம்.

கோடில் ஒரு வரிகூட மாறாதபோதும் நேற்றுப் பச்சையாக இருந்தது இன்று சிவப்பாகிறது. ஓட்டப் பதிவில் (லாகில்) மாறி மாறி வருபவை இவை:

"404 நாட் ஃபவுண்ட்", ஆப்ட் (டெபியனின் நிறுவல் கருவி) இன்ஸ்டால் ஓடும்போது.
"ஹேஷ் சம் மிஸ்மேட்ச்", எப்போதாவது.
"ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்", விர்ச்சுவல் மெஷினில் மட்டும்.
"குட் நாட் கெட் லாக்", அதுவும் விர்ச்சுவல் மெஷினில் மட்டும்.

ஆப்ட் இன்ஸ்டால் வரியில் சமக்குறி போட்டு வெர்ஷனைக் கட்டிப் பார்த்தாயிற்று. சில வாரங்களில் அந்த வெர்ஷனே கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது.

இன்னொன்று: ரீட்மீயில் (பயனருக்கான குறிப்பு ஃபைல்) இருக்கும் நிறுவல் படிகளும் டெஸ்டுகளை ஓட்டும் பைப்லைன் ஸ்கிரிப்டும் தனித்தனியாக வளர்ந்துவிட்டன. ரீட்மீயைப் பார்த்து நிறுவுகிறவருக்கு வேலை செய்வதில்லை, பைப்லைனில் செய்கிறது. இவை இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

---

கல்தச்சன்

நான்கு பிழைகளுக்கும் நான்கு காரணம். தனித்தனியாகப் பார்த்துவிடுவோம், அப்புறம் ரெப்போவை உறைய வைப்பது பற்றிச் சொல்கிறேன்.

404: டாக்கர்ஃபைலில் (கண்டெய்னர் இமேஜைக் கட்டும் குறிப்பு) ஆப்ட்-கெட் அப்டேட் ஒரு ரன் வரியிலும், இன்ஸ்டால் அடுத்த ரன் வரியிலும் இருக்கிறதா பாருங்கள். அப்டேட் வரி மாறாதவரை டாக்கர், முன்பு அந்த வரி ஓடியபோது சேமித்த பழைய லேயரையே எடுத்துக்கொள்ளும். அந்த லேயரில் இருப்பது மூன்று வாரத்துக்கு முந்தைய பட்டியல். இன்ஸ்டால் வரியில் நீங்கள் ஒரு பேக்கேஜைச் சேர்த்ததும் அது மட்டும் புதிதாக ஓடும், பழைய பட்டியலில் உள்ள ஃபைல் பெயரைக் கேட்கும், மிரரில் (ரெப்போவின் நகல் சர்வர்) அது இருக்காது. அப்டேட், இன்ஸ்டால், கடைசியில் லிஸ்ட்ஸ் டைரக்டரியை அழிப்பது, மூன்றையும் ஒரே ரன் வரியில் இரட்டை ஆம்பர்சண்டால் கோத்துவிடுங்கள். கூடவே நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ் போடுங்கள். இல்லாவிட்டால் கேட்காத பேக்கேஜ்களும் உள்ளே வந்து, எது உண்மையான சார்பு என்பதே தெரியாமல் போய்விடும்.

ஹேஷ் சம் மிஸ்மேட்ச்: மிரர் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நடுவில் நீங்கள் போய் நின்றால், பட்டியல்களின் ஹேஷை (சரிபார்ப்பு எண்) சொல்லும் கையொப்பமிட்ட இன்ரிலீஸ் ஃபைல் ஒரு காலத்தையும் பேக்கேஜஸ் ஃபைல் இன்னொரு காலத்தையும் சேர்ந்ததாக இருக்கும். டெபியனின் ரெப்போவில், பட்டியலை அதன் ஹேஷ் பெயரிலேயே தரும் பை-ஹேஷ் முறை இருப்பதால் இது அங்கே அரிது. உள் ரெப்போவில்தான் பெரும்பாலும் வரும். அங்கே பை-ஹேஷ் இயங்குகிறதா என்று பாருங்கள். இடையில் கேஷ் செய்யும் ப்ராக்ஸி இருந்தால் அதையும் சந்தேகியுங்கள். இன்ரிலீஸை அது ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருந்தாலே இதே பிழை வரும்.

நாட் வேலிட் எட்: விர்ச்சுவல் மெஷினைப் பழைய நிலைக்குத் திருப்பியதும் அதன் கடிகாரமும் பின்னால் போய்விடுகிறது. இன்று காலை கையொப்பமான ரிலீஸ் ஃபைல் அதன் கண்ணுக்கு எதிர்காலத்துச் சரக்கு. ஆப்ட் தொடங்கும் முன் நேர ஒத்திசைவு முடியும்வரை காத்திருங்கள். தேதிச் சோதனையை அணைத்துவிடுவது தீர்வே இல்லை. அதே கடிகாரம் அடுத்து டிஎல்எஸ் சான்றிதழ்களிலும் டெஸ்டின் நேரக் கணக்குகளிலும் வந்து இடிக்கும்.

லாக் (பூட்டு) பிழை: மெஷின் எழுந்ததும், தானாக அப்டேட் செய்யும் ஆப்ட்-டெய்லி டைமரும் முதல் அமைப்பைச் செய்யும் கிளவுட்-இனிட்டும் அவற்றின் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. உங்கள் ஸ்கிரிப்ட் அவற்றோடு போட்டி போடுகிறது. டெஸ்ட் மெஷின் இமேஜில் ஆப்ட்-டெய்லி, ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் இரண்டு டைமர்களையும் மாஸ்க் செய்துவிடுங்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில் கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ் கட்டளையை வெயிட் தேர்வோடு போடுங்கள். அதற்கு மேல் பாதுகாப்பாக டிபிகேஜி (ஆப்டின் கீழ் உண்மையில் நிறுவும் கருவி) லாக் டைம்அவுட்டை 300 வினாடி என்று ஆப்ட் கான்ஃபிகில் வையுங்கள். லாக் ஃபைலை அழிக்கச் சொல்லும் அறிவுரை இணையம் முழுக்க இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்: டிபிகேஜி பாதியில் இருக்கும்போது அழித்தால் அந்த மெஷினை நம்பவே முடியாது.

நீங்கள் சொல்லாத ஐந்தாவது ஒன்று இருக்கிறது, எல்லாவற்றிலும் அதுதான் மோசம். ஆப்ட்-கெட் அப்டேட், ஒரு ரெப்போ தற்காலிகமாகப் பதில் தராவிட்டாலும் வெறும் எச்சரிக்கை எழுதிவிட்டு 0 என்ற (வெற்றி எனப் பொருள்படும்) எக்ஸிட் கோடோடு முடிந்துவிடும். "பழையவை பயன்படுத்தப்பட்டன" என்று லாகின் நடுவில் ஒரு வரி இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். பிறகு டேட்டாபேஸ் வெளி ரெப்போவிலிருந்து வருவதற்குப் பதிலாக டெபியனின் சொந்த வெர்ஷன் நிறுவப்படும், டெஸ்ட் வேறு எங்கோ விழும். டெபியன் 11-லிருந்து எரர்-ஆன்=எனி என்ற தேர்வு இருக்கிறது. பைப்லைனில் அது இல்லாமல் அப்டேட் ஓட்டவே கூடாது. இடையே நெட்வொர்க் தும்மினால் தாங்குவதற்கு அக்வயர் ரிட்ரைஸ் 3.

இனி சமக்குறி விஷயம். டெபியன் ரெப்போவில் ஒரு சூட்டுக்கு (ரெப்போவின் ஒரு பிரிவு) ஒரு பேக்கேஜின் நடப்பு வெர்ஷன்தான் இருக்கும். பாதுகாப்புத் திருத்தம் வந்ததும் பழையது போய்விடும். ஆகவே நேரடி மிரரை வைத்துக்கொண்டு வெர்ஷனைக் கட்டினால் உடைவது உறுதி. அதோடு, நீங்கள் கட்டியது பத்து பேக்கேஜ். அவற்றின் பின்னால் வரும் இருநூறு லைப்ரரிகள் கட்டப்படாமலே இருக்கின்றன. பேக்கேஜைக் கட்டாதீர்கள், ரெப்போவைக் கட்டுங்கள்.

வழி இரண்டு. ஒன்று, டெபியன் ரெப்போவின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் தளமான ஸ்னாப்ஷாட்.டெபியன்.ஆர்க்: முகவரியிலேயே தேதியும் நேரமும் வரும், 20250301டி000000இசட் என்கிற மாதிரி. 2005 வரைக்கும் பின்னால் போகலாம். செக்யூரிட்டி, அப்டேட்ஸ் சூட்களின் ரிலீஸ் ஃபைலுக்கு ஒரு வாரம்தான் ஆயுள் என்பதால் அந்த ரெப்போ வரிகளில் மட்டும் செக்-வேலிட்-அன்டில்=நோ போட வேண்டிவரும். ஆனால் நூறு ஜாப் ஒரே நேரத்தில் போய் நின்றால் அந்தச் சர்வர் வேகத்தைக் குறைத்துவிடும். அது பொதுச் சேவை, அதைப் பைப்லைனின் முதுகெலும்பாக்குவது சரியும் இல்லை. மாதம் ஒருமுறை அடிப்படை இமேஜ் கட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது ஆப்ட்லி, சொந்த மிரரும் அதன் உறைந்த நிலைகளும் (ஸ்னாப்ஷாட்) வைத்துக்கொள்ள உதவும் கருவி. வரிசை இப்படி: மிரர் கிரியேட் (டெபியன் 12-ன் பெயரான புக்வோர்ம், புக்வோர்ம்-அப்டேட்ஸ், புக்வோர்ம்-செக்யூரிட்டி, வெளி ரெப்போ என நான்கு), மிரர் அப்டேட், ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட பெயரில் ஸ்னாப்ஷாட் கிரியேட், டெபியனின் மூன்றையும் ஸ்னாப்ஷாட் மெர்ஜ், பிறகு பப்ளிஷ். அடுத்த வாரம் புதிய ஸ்னாப்ஷாட் எடுத்து பப்ளிஷ் ஸ்விட்ச் கொடுத்தால் போதும், டெஸ்ட் மெஷின்களில் முகவரி மாறாது. ஏதாவது உடைந்தால் பழைய பெயருக்கே ஸ்விட்ச். மெர்ஜ் செய்யும்போது வரிசை முக்கியம்: பின்னால் வருவது முன்னால் வந்ததை மூடும், எனவே செக்யூரிட்டி கடைசியில் வர வேண்டும். லேட்டஸ்ட் தேர்வு கொடுத்தால் வரிசையைப் பார்க்காது, பெரிய வெர்ஷனையே எடுக்கும். வெளி ரெப்போவை மெர்ஜில் சேர்க்காமல் தனியாகவே பப்ளிஷ் செய்யுங்கள். அதிலிருந்து எது வந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க அதுதான் வசதி.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பேக்கேஜ் ஃபைல் பூலில் ஒருமுறைதான் இருக்கும். ஸ்னாப்ஷாட் என்பது வெறும் பட்டியல். ஸ்விட்ச் செய்யும் முன் ஸ்னாப்ஷாட் டிஃப் ஓட்டி அந்த வெளியீட்டை மாற்றக் குறிப்பில் ஒட்டிவிடுங்கள். "இந்த வாரம் என்ன மாறியது" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

---

நீலத்திரை

கல்தச்சன் சொன்னதில் ஒன்றில் மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் உறைய வைத்தால், வாடிக்கையாளர் நாளை ஆப்ட் அப்கிரேட் செய்யும்போது உடையப்போவது உங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். பாதுகாப்புத் திருத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே இரண்டு பாதை வையுங்கள். மெர்ஜ் ரிக்வெஸ்ட் ஓட்டம் உறைந்த ஸ்னாப்ஷாட்டில். அது சிவப்பானால் காரணம் கோடுதான், மெர்ஜ் நிற்க வேண்டும். இரவு ஓட்டம் நேரடி மிரரில்; அது சிவப்பானால் வெளியே ஏதோ மாறியிருக்கிறது, மெர்ஜ் எதுவும் நிற்கக் கூடாது. நேரடி ஓட்டம் பச்சையாக இருக்கிற நாளில் ஸ்னாப்ஷாட்டை முன்னேற்றுங்கள்.

இரண்டு ஓட்டத்திலும் நிறுவல் முடிந்ததும் நிறுவப்பட்ட பேக்கேஜ்களைப் பட்டியலிடும் டிபிகேஜி-கொயரி வெளியீட்டை ஃபைலாக எழுதி, அந்த ஓட்டத்தோடு ஆர்டிஃபேக்டாகச் சேமியுங்கள். கடைசிப் பச்சைக்கும் முதல் சிவப்புக்கும் டிஃப் எடுத்தால் பெரும்பாலும் நாலைந்து வரிதான் வரும், குற்றவாளி அதற்குள் இருக்கும்.

---

தறிநூல்

மிக்க நன்றி. இரண்டு ரன் வரி விஷயம் அப்படியே இருக்கிறது, மாற்றிவிடுகிறேன். இரண்டு சந்தேகம். வெளி ரெப்போவின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியை இப்போது ஆப்ட்-கீ ஆட் மூலம் சேர்க்கிறோம், எச்சரிக்கை வருகிறது. சைன்ட்-பை முறைக்கு மாறிய ஒரு மெஷினில் சாவி ஃபைல் இருந்தும் "நோ பப்கீ" என்கிறது. இன்னொன்று, பிப்புக்கு உள் இண்டெக்ஸை (பைத்தான் பேக்கேஜ் கிடங்கு) எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யுஆர்எல் என்று கொடுத்திருக்கிறோம். அது போதுமா?

---

ஆணிவேர்

சாவி முதலில். இருந்தும் காணோம் என்றால் மூன்று இடம் பாருங்கள்.

அனுமதி: ஆப்ட், பதிவிறக்கத்தையும் சரிபார்ப்பையும் ரூட்டாகச் செய்யாது, அண்டர்ஸ்கோர்-ஆப்ட் என்ற தனிப் பயனராகச் செய்யும். உங்கள் ஸ்கிரிப்டில் யூமாஸ்க் 077 இருந்தால் சாவி ஃபைல் 0600 ஆக உருவாகும், அந்தப் பயனரால் படிக்க முடியாது. ஃபைல் 0644, கீரிங்ஸ் டைரக்டரி 0755 இருக்க வேண்டும்.

பெயரின் வால்: எழுத்து வடிவச் சாவி என்றால் .ஏஎஸ்சி, பைனரி என்றால் .ஜிபிஜி. ஆப்ட் இந்த வாலை வைத்துத்தான் முடிவு செய்கிறது. எழுத்து வடிவத்தை .ஜிபிஜி என்று சேமித்தால் மறுத்துவிடும்.

உள்ளடக்கம்: பதிவிறக்கும் கட்டளையான கர்லில் எஃப் தேர்வு இல்லாவிட்டால், சர்வர் 404 சொன்னாலும் அந்தப் பிழைப் பக்கத்தின் எச்டிஎம்எல்லைச் சாவி ஃபைலாக எழுதிவிட்டு வெற்றி என்று திரும்பும். ஹெட் கட்டளையில் முதல் வரியைப் பாருங்கள். "பிகின் பிஜிபி பப்ளிக் கீ பிளாக்" என்று இல்லாமல் டாக்டைப் என்று தொடங்கினால் விஷயம் முடிந்தது. இன்னும் நல்லது, சாவியை நெட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் இறக்காமல் உங்கள் கோட் ரெப்போவிலேயே வைத்துவிடுவது. சாவி மாறினால் அது ஒரு கமிட்டாக, நால்வர் கண்ணில் பட்டு மாறட்டும்.

ஆப்ட்-கீ டெபியன் 12-ல் எச்சரிக்கையோடு இருக்கிறது, டெபியன் 13-ல் நீக்கப்பட்டுவிட்டது. அதைவிடப் பெரிய குறை, அதில் சேர்த்த சாவி எல்லா ரெப்போவுக்கும் செல்லும் என்பதுதான். டேட்டாபேஸ் ரெப்போவின் சாவிக்கு, சிஸ்டத்தின் அடிப்படை லைப்ரரியான லிப்சியை மாற்றும் அதிகாரம் எதற்கு? சைன்ட்-பை அந்தச் சாவியை அந்த ரெப்போவோடு கட்டிப்போடுகிறது. அதே ரெப்போவுக்கு ப்ரிஃபரன்சஸ்.டி கீழ் ஒரு 'பின்' (முன்னுரிமை) ஃபைலும் எழுதுங்கள்: அந்த மூலத்திலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் -1, டேட்டாபேஸ் பேக்கேஜ்களுக்கு மட்டும் 600. இயல்பு மதிப்பு 500 என்பதால் 600 போதும். 1000-ஐ எட்டினாலே ஆப்ட் வெர்ஷனைக் கீழிறக்கவும் துணிந்துவிடும், தெரிந்து செய்தாலொழிய வேண்டாம். எழுதிய பிறகு ஆப்ட்-கேஷ் பாலிசி கட்டளையில் பேக்கேஜ் பெயரைக் கொடுத்து, கேண்டிடேட் வரியில் எதிர்பார்த்த வெர்ஷன்தான் நிற்கிறதா என்று பாருங்கள்.

பிப்: எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ் போதாது. போதாதது மட்டுமில்லை, ஆபத்து. பிப்புக்கு இண்டெக்ஸ்களுக்கிடையே முன்னுரிமை என்று எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் தேடி, எங்கே பெரிய வெர்ஷன் இருக்கிறதோ அதை எடுக்கும். உங்கள் உள் பேக்கேஜின் பெயரில் யாராவது பொது இண்டெக்ஸில் 99.0 என்று ஒன்றை ஏற்றினால் உங்கள் டெஸ்ட் மெஷினில் ஓடப்போவது அவர் கோடு. 2021 பிப்ரவரியில் இந்த வழி வெளிச்சத்துக்கு வந்தது, டிபெண்டன்சி கன்ஃப்யூஷன் என்று பெயர். தேவ்பிஐ மாதிரி ஒரு உள் இண்டெக்ஸ், பொது இண்டெக்ஸைத் தன் வழியாகத் தரட்டும். உள் பெயர்களுக்கு வெளியே தேடாதபடி அதில் அமையுங்கள். பிப்புக்கு அந்த ஒரே ஒரு முகவரியை இண்டெக்ஸ்-யுஆர்எல் ஆகக் கொடுங்கள்.

அதற்கு மேல் பிப்-கம்பைல் மூலம் ஜெனரேட்-ஹேஷஸ் தேர்வோடு ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைலை உருவாக்கி, நிறுவும்போது ரிக்வயர்-ஹேஷஸ் போடுங்கள். முடிந்தவரை ஒன்லி-பைனரியும் வேண்டும். காரணம், மூலப் பொதியாக வரும் பேக்கேஜைக் கட்ட பிப் ஒரு தனிச் சூழலை உருவாக்கும், அதற்குள் பேக்கேஜ் கட்டும் கருவியான செட்அப்டூல்ஸின் புதிய வெர்ஷனை இறக்கும். நீங்கள் ரிக்வயர்மெண்ட்ஸில் கட்டிய வெர்ஷனை அந்தச் சூழல் பார்ப்பதே இல்லை. 2021 செப்டம்பரில் செட்அப்டூல்ஸ் 58 யூஸ்-2டு3 (பைத்தான் 2 கோடை 3-க்கு மாற்றும் வசதி) ஆதரவை எடுத்தபோது, எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்த பில்டுகளும் இந்த வாசல் வழியாகத்தான் உடைந்தன.

என்பிஎம்மில் இன்ஸ்டால் அல்ல, சிஐ. இன்ஸ்டால், லாக் ஃபைலை (வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் பட்டியல்) திருத்தக்கூடும். சிஐ, லாக் ஃபைலும் பேக்கேஜ்.ஜேசனும் ஒத்துவராவிட்டால் நின்றுவிடும். லாக் ஃபைலில் ரிசால்வ்ட் என்ற வரிகளைத் தேடிப் பாருங்கள். அதில் உங்கள் உள் ப்ராக்ஸியின் முகவரி பதிந்திருந்தால், வெளியிலிருந்து ரீட்மீயைப் பின்பற்றுகிறவருக்கு ஒன்றும் இறங்காது. பொதுப் பதிவகத்தின் முகவரி இருந்தால் என்பிஎம் தானே உங்கள் ப்ராக்ஸிக்கு மாற்றிக்கொள்ளும், தலைகீழாக மாற்றாது. எனவே லாக் ஃபைலில் எப்போதும் பொது முகவரிதான் இருக்க வேண்டும்.

---

வெண்கலப்பூட்டு

ரீட்மீ பகுதியை யாரும் தொடவில்லை, அதை நான் எடுக்கிறேன்.

இரண்டு பிரதி இருக்கும்வரை அவை விலகத்தான் செய்யும், எத்தனை பேர் கவனமாக இருந்தாலும். பைப்லைன் ஓட்டுவதும் ரீட்மீ காட்டுவதும் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும். ரீட்மீயின் கட்டளைப் பெட்டிகளில் நிறுவலுக்குரியவற்றுக்கு மட்டும் ஒரு அடையாளம் வையுங்கள் (பெட்டியின் தொடக்கக் குறியில் பேஷ் என்பதை அடுத்து செட்அப் என்று ஒரு சொல் போதும்). பத்து வரி 'ஆக்' (உரையைப் பிரித்தெடுக்கும் கருவி) ஸ்கிரிப்ட் அவற்றை மட்டும் வரிசையாக உருவி ஒரு ஷெல் ஃபைலாக எழுதட்டும். அதை ஒன்றும் நிறுவாத வெறும் இமேஜில், பேஷின் இ, யூ, பைப்ஃபெயில் (பிழை வந்தால் நிற்க வைக்கும் தேர்வுகள்) மூன்றும் இயங்க ஓட்டுங்கள். பைப்ஃபெயில் மறக்கக் கூடாது: கர்ல் தோற்று அதன் வெளியீட்டை வாங்கிய ஜிபிஜி வெற்றி பெற்றால், அது இல்லாமல் வரி முழுவதும் வெற்றி என்றே கணக்காகும்.

முதல் ஓட்டத்தில் என்னவெல்லாம் விழும் என்று இப்போதே சொல்லிவிடலாம். சூடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) இருக்காது. கர்ல் இருக்காது. சிஏ-சர்டிஃபிகேட்ஸ் இருக்காது, எனவே எச்டிடிபிஎஸ் ரெப்போவைச் சேர்த்ததும் சான்றிதழ் சரிபார்ப்புப் பிழை வரும். அந்தப் பேக்கேஜை முதலில் டெபியனின் ரெப்போவிலிருந்து நிறுவிய பிறகே வெளி ரெப்போவைச் சேர்க்க வேண்டும். உபுண்டு இமேஜில் டிஇசட்டேட்டா நேரமண்டலம் கேட்டு உட்கார்ந்துகொள்ளும். டெபியன்-ஃப்ரண்ட்எண்ட் மாறியை நான்இன்டராக்டிவ் ஆக்குங்கள், ஆனால் அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும், இமேஜில் நிரந்தரமாகப் பதிக்காதீர்கள். உபுண்டு 22.04-ல் நீட்ரீஸ்டார்ட் கேள்வி கேட்கும், அதற்கு நீட்ரீஸ்டார்ட்-மோட் மாறி ஏ. டெபியன் 12-ல் சூடோ பிப் இன்ஸ்டால் என்று எழுதியிருந்தால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மெண்ட்" என்று மறுத்துவிடும். பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் போட்டுத் தாண்டிப் போகாமல் வென்வ் (தனி பைத்தான் சூழல்) உருவாக்கும் வரியை எழுதுங்கள். சூடோ விஷயத்தில் மட்டும் ரீட்மீயை மாற்ற வேண்டாம், படிக்கிறவருக்கு அது தேவை. டெஸ்ட் இமேஜில் சூடோவை முன்கூட்டியே நிறுவிவிடுங்கள். அந்த ஒரு விதிவிலக்கு நியாயமானது.

இனி எச்சரிக்கை. டெபியனின் கண்டெய்னர் இமேஜ்களில் யூஎஸ்ஆர்-எஸ்பின் கீழ் பாலிசி-ஆர்சி.டி என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது, 101 என்று திரும்புவதுதான் அதன் முழு வேலை. அதனால் பேக்கேஜ் நிறுவியதும் சர்வீஸ் தானே தொடங்காது. உண்மையான மெஷினில் தொடங்கும். "நிறுவியதும் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்" என்று ரீட்மீ சொன்னால் அதைக் கண்டெய்னரில் சோதிப்பதில் பொருளே இல்லை. உங்களிடம் விர்ச்சுவல் மெஷின் இருக்கிறதே, நிறுவல் குறிப்பின் முழு ஓட்டத்தை வாரம் ஒருமுறையாவது அதில் நடத்துங்கள், நேரடி மிரரில். படிக்கிறவர் உங்கள் ஆப்ட்லியைப் பார்க்கப்போவதில்லை.

இன்னொன்று, நிறுவல் தோற்றதையும் டெஸ்ட் தோற்றதையும் ஒரே சிவப்பில் காட்டாதீர்கள். டெபியனின் ஆட்டோபிகேஜிடெஸ்ட் இதைச் சரியாகச் செய்கிறது: டெஸ்ட் விழுந்தால் எக்ஸிட் கோட் 4, சோதனைத் தளமே சரியில்லை என்றால் 16. உங்கள் பைப்லைனில் நிறுவல் தனி நிலையாக, தனி கோடோடு இருந்தால், 16 வந்தால் மட்டும் ஒருமுறை தானாக மறு ஓட்டம் என்று வைக்கலாம். 4 வந்ததற்கு மறு ஓட்டம் வைத்தால் உண்மையான குறைகள் மறைந்துவிடும்.

---

தறிநூல்

பாலிசி-ஆர்சி.டி எங்கள் இமேஜிலும் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். கடைசியாக ஒன்று: உள் ரெப்போவில் டெப் ஃபைலைத் திருத்தினால் அதே வெர்ஷன் எண்ணிலேயே மறுபடி ஏற்றிவிடுகிறோம். அதனாலும் ஹேஷ் மிஸ்மேட்ச் வருமா?

---

கல்தச்சன்

வரும். ஃபைல் பெயர் அதே, உள்ளடக்கம் வேறு. இடையில் உள்ள ப்ராக்ஸி பழைய ஃபைலைத் தரும், புதிய பட்டியல் வேறு ஹேஷ் சொல்லும். ஆப்ட்லியில் ரெப்போ ஆட் செய்தால் முரண்பாடு என்று மறுத்துவிடும். ஃபோர்ஸ்-ரீப்ளேஸ் கொடுத்து அதைத் தாண்டாதீர்கள். ஏற்கெனவே அந்த வெர்ஷன் நிறுவப்பட்ட மெஷினில் ஆப்ட் அப்கிரேட் புதியதைத் தொடாமலே போகவும் வாய்ப்புண்டு, வெர்ஷன் ஒன்றுதானே.

டெவலப்மெண்ட் பில்டுகளுக்கு எண்ணின் பின்னால் டில்டே போட்டு நேரமும் கமிட்டும் சேருங்கள்: 2.4.0~கிட்20250301.1530 என்ற வடிவில், கமிட்டின் முதல் ஏழெட்டு எழுத்து கடைசியில். டில்டே உள்ளது வெறும் 2.4.0-வைவிடச் சிறியதாகக் கணக்காகும், ஆகவே இறுதி வெளியீடு வந்ததும் அப்கிரேட் தானாக நடக்கும். நேரத்தைக் கமிட்டுக்கு முன்னால் வைக்க வேண்டும். கமிட் எழுத்துகளுக்கு ஏறுவரிசை கிடையாது, முன்னால் வைத்தால் புதிய பில்ட் பழையதைவிடச் சிறியதாகிவிடும். சந்தேகம் வந்தால் டிபிகேஜியின் கம்பேர்-வெர்ஷன்ஸ் தேர்வில் இரண்டு எண்ணையும் கொடுத்துப் பாருங்கள், எக்ஸிட் கோட் 0 வந்தால் நீங்கள் நினைத்த வரிசை சரி.